வாய்க்கால் குடித்த கஷாயம்

தாய் விட்டுப்போனது இரண்டு கெளுத்திக் குட்டைகளும், பிரசவத்தோடு பிள்ளைகளின் ரத்தத்தில் ஏறிவிட்ட ஹெபடைடிஸ் பி கிருமியும்தான். குட்டைகளை அண்ணன் தியெப்பும் தம்பி லுவானும் ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொண்டார்கள். கிருமியைப் பிரிக்க வேண்டியிருக்கவில்லை, இருவருக்கும் முழுசாகவே இருந்தது. தினம் ஒரு மாத்திரை. அது கிருமியை அடக்கி வைக்கும், விரட்டாது.

கன்தோ நகரத்து ஆஸ்பத்திரியில், அதை அடியோடு விரட்டுமா என்று ஒரு புது ஊசியைச் சோதித்துப் பார்க்க ஆள் எடுத்தார்கள். தியெப்புக்கு இடம் கிடைத்தது. லுவானின் ரத்தத்தில் கிருமியின் அளவு கூடுதலென்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"ஊசி முடியற வரைக்கும் நாட்டு மருந்தைக் கையால தொடக்கூடாது" என்று டாக்டர் குவே கறாராகச் சொல்லியிருந்தாள்.

அதைப் பெண்டாட்டி லியெனிடம் சொல்ல தியெப்புக்குத் தைரியமில்லை. அவள் விடியற்காலையில் வரப்பில் கீழாநெல்லி பறித்துக் காய்ச்சி நீட்டுவாள். அவன் வாங்கிக்கொண்டு குட்டைப் பக்கம் போய், வாய்க்காலில் கவிழ்த்துவிட்டு, வாயைத் துடைத்தபடி வருவான். ஒரு வருஷம் இப்படியே ஓடியது. வீட்டில் சண்டையில்லை.

ஊசி போட்ட நாற்பத்து மூன்று பேரில் தியெப் ஒருவனுக்குத்தான் கிருமி போன இடம் தெரியவில்லை.

"ஊசியாம் ஊசி! அப்ப மத்த நாப்பத்திரெண்டு பேருக்கு ஏன் போகல? எல்லாம் என் கஷாயம்!" என்று லியென் ஊரைக் கூட்டினாள். தியெப் சிரித்துவைத்தான். அந்த நேரத்தில் அந்தச் சிரிப்பு தேவையா, பாவி மனுஷா!

மறுநாளே லுவான் சட்டியோடு வந்து நின்றான்.

"மாத்திரையை மட்டும் விட்டுடாதடா" என்றான் தியெப்.

"பதினோரு வருஷமா முழுங்கறேன், என்னத்தக் கிழிச்சுது? நீ தப்பிச்சிட்ட, எனக்கு மட்டும் மாத்திரையா? நல்லா இருக்குண்ணா உன் நியாயம்."

அப்போதே சொல்லியிருக்கலாம். லியென் பக்கத்தில் நின்று கஷாயம் ஊற்றிக்கொண்டிருந்தாள், முகமெல்லாம் பூரிப்பு. தியெப் தம்பியின் சட்டியைச் சாயாமல் பிடித்துக்கொண்டான்.

நாலே மாதம். லுவானுக்குக் கண் மஞ்சளாகி, வயிறு ஊதி, பேச்சு குழறியது.

"மாத்திரையை யார் நிறுத்தச் சொன்னது? அடங்கிக் கிடந்தது திரும்பக் கிளம்பி ஈரலையே அழிச்சிடுச்சு" என்று டாக்டர் குவே கத்தினாள். இனித் தன் கையில் ஒன்றுமில்லை என்றும் சொல்லிவிட்டாள்.

லுவான் கட்டிலில் கிடந்தபடியே அண்ணன் கையைத் தேடிப் பிடித்தான்.

"அண்ணா... நான் அளவு குறைச்சுக் குடிச்சிட்டேனா?"

தியெப் வாயைத் திறப்பதற்குள் லியென் முந்திக்கொண்டாள். "வெறும் வயித்துல குடின்னு சொன்னேனே தம்பி, கேட்டியா? நடுவுல எத்தனை நாள் விட்ட?" அழுதுகொண்டே புருஷன் பக்கம் திரும்பினாள். "நீங்க எப்படிக் குடிச்சீங்கன்னு நீங்களே சொல்லுங்க."

லுவானும் அவனைப் பார்த்தான்.

"ஆமாடா" என்றான் தியெப். "ஒரு சொட்டு மீதி வைக்காமக் குடிச்சேன்."