கலசத்துப் பறவைகள்

கள்ளிக்குப்பத்தில் சம்பந்தம் வீட்டுச் சீனக் கலசத்தில் தீட்டியிருந்த பறவைகள் விடிந்ததும் எழுந்து பறந்துபோய், விளக்கேற்றும் நேரத்துக்குத் திரும்பி வந்து பீங்கானில் ஒட்டிக்கொள்ளும். ஊரில் தக்காளி விலையைப் பேசுகிற அளவுக்குக்கூட இதை யாரும் பேசுவதில்லை. பறவைகள் போன பிறகு கலசத்தில் மஞ்சள் பூச்சும், நடுவில் சிவந்து ஓரத்தில் வெளிறிய பெரிய பூக்களும், வெறும் கிளைகளும் மட்டும் இருக்கும். விரலால் தடவினால் பூவிதழ் சற்றே மேடாகத் தட்டுப்படும். பறவை இருந்த இடம் வழவழவென்றிருக்கும். மொட்டை மாடியில் அவை போடும் எச்சம் காய்ந்ததும் நீலமும் பச்சையுமாகக் கண்ணாடி மணிகளாகிவிடும். சம்பந்தத்தின் மனைவி ராஜகுமாரி அவற்றைக் கூட்டி அள்ளித் தொட்டிச் செடிகளுக்குப் போட்டுவந்தாள். செடிகளுக்கு அதனால் நன்மையும் இல்லை, கெடுதலும் இல்லை.

கலசத்தைப் பினாங்கிலிருந்து கொண்டுவந்தவர் சம்பந்தத்தின் கொள்ளுத்தாத்தா. அகன்ற வாய், ஒடுங்கிய கழுத்து, உருண்ட வயிறு. ஆடி மாதம் எல்லையம்மன் கோயிலில் கூழ் வார்க்கும் ஞாயிற்றுக்கிழமை, அந்தக் கலசத்தில் மஞ்சள் நீரும் வேப்பிலையும் எடுத்துப்போய்க் கூழ் அண்டாக்களின்மேல் தெளித்த பிறகுதான் முதல் கரண்டி இறங்கும். நிலத்தை அடுக்குமாடிக்காரர்களுக்கு விற்றார்கள், கிணற்றைத் தூர்த்தார்கள், பங்காளிகள் ஆவடிக்கும் வானகரத்துக்கும் பிரிந்துபோனார்கள்; அந்த முதல் மரியாதை மட்டும் வீட்டைவிட்டுப் போகவில்லை. ஷேர் ஆட்டோவில்கூட முதுகு சாய்க்காமல் உட்காரும் சம்பந்தம், அன்றைக்கு இன்னும் கொஞ்சம் உயரமாகத் தெரிவார்.

மாடியில் குடியிருந்த நிவேதிதா, கம்ப்யூட்டர் கம்பெனி வேலைக்காகத் திருநெல்வேலியிலிருந்து வந்தவள். கூழுக்கு முந்தைய வாரம் அவள் கலசத்தைப் படமெடுத்தாள். அதே வடிவப் பாத்திரம் வெளிநாட்டு அருங்காட்சியகம் ஒன்றில் இருப்பதைக் கைபேசியில் கண்டுபிடித்தாள். நல்ல செய்தி என்று நினைத்துத்தான் கீழே இறங்கி வந்தாள். பாதி சொல்லும்போதே சம்பந்தத்தின் முகத்தைப் பார்த்து அவள் குரல் தாழ்ந்தது.

“ரொம்பப் பழசாம், அங்கிள். ராஜா வீட்டுல சாப்பிடுற இடத்துக்குப் பக்கத்துல வைப்பாங்களாம். எலும்பு, சக்கை... எச்சில் துப்புறதுக்கு.”

“படிக்கமா?”

“அப்படித்தான் போட்டிருக்கு.”

சம்பந்தம் அவளுக்குக் காபி கொடுக்கச் சொன்னார். அவள் குடித்து முடிக்கும்வரை நின்றுகொண்டே இருந்தார். அவள் போனதும், ஆத்தாளுக்கே எச்சில் பாத்திரத்தில் நீர் கொண்டுபோன குடும்பம் என்று பங்காளிகள் சிரிக்கப்போவது இப்போதே அவர் காதில் விழுந்தது. கலசத்தைப் பழைய வேட்டியில் சுற்றி, இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். பறவைகள் வெளியே போயிருந்த நேரம் அது.

மாலையில் அவை வந்தன. கூடத்தைச் சுற்றின, பீரோவைக் கொத்திப் பார்த்தன. பிறகு தெருவுக்குப் போய்க் கிடைத்த இடத்தில் ஒட்டிக்கொண்டன. ஒன்று எதிர்வீட்டு எல்லம்மாவின் பிளாஸ்டிக் குடத்தில் உட்கார்ந்தது. ஒன்று தண்ணீர் கேனில், ஒன்று நிவேதிதாவின் லேப்டாப் மூடியில். ஒரு ஜோடி ஷேர் ஆட்டோவின் பின்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு, திருவேற்காட்டுக்கும் பூந்தமல்லிக்கும் போய்வந்துகொண்டிருந்தது. பீங்கான் இல்லாத இடம் அவற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. விடிந்தாலும் எழவில்லை; இறகின் நீலம் செதில் செதிலாக உரிந்தது. சம்பந்தம் தெருவில் இறங்குவதையே நிறுத்திக்கொண்டார்.

கூழ் வார்க்கும் அன்று காலை, எல்லம்மா குடத்தோடு வாசலுக்கு வந்தாள்.

“நைனா, உங்க ஊட்டுக் குருவி என் கொடத்துல கீது. கை பட்டா சாயம் உரியுது. பயந்துகினு தண்ணியே புடிக்கல. கலசத்த எடுத்து வெளிய வைங்க.”

“கலசம் இந்த வருஷம் வராது.”

“இன்னா ஆச்சி?”

சம்பந்தம் முதுகை நிமிர்த்திக்கொண்டார். சாக்குச் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை.

“அது கலசமில்ல. படிக்கம்.”

எல்லம்மா குடத்தை இடுப்பு மாற்றி வைத்தாள். “அது தெரியுமே. உங்க பினாங்கு தாத்தா அதுலதான் வெத்தல துப்பிகினு இருப்பாராம். எங்க மாமியாரோட மாமியார்தான் தெனம் கழுவி வெப்பாங்களாம். ஊருக்கே தெரியும் நைனா.”

“தெரிஞ்சேவா அந்தத் தண்ணிய வாங்கிக்கினீங்க?”

“கழுவிட்டுத்தானே கொண்டாறீங்க? குருவியே மூக்கச் சுளிக்காம உக்காருது. ஆத்தாளும் இத்தினி வருசத்துல ஒண்ணும் சொல்லல. நீங்க மூஞ்சத் தூக்கிகினு நடந்து வருவீங்களே, அத்தப் பாக்கத்தான் பாதி சனம் வரும்.”

சமையலறைக்குள் ராஜகுமாரி சிரித்தாள். “கல்யாணமாகி வந்த அன்னிக்கே உங்கம்மா எனக்குச் சொல்லிட்டாங்க. உங்களுக்கு மட்டும் சொல்ல வேணாம்னாங்க.”

சம்பந்தம் இடுப்பிலிருந்த சாவியை உருவினார். பிறகு பீரோவைத் திறந்தார். படிக்கத்தை இரு கைகளிலும் ஏந்தி வந்து தெரு நடுவில் நின்றார். குடத்துப் பறவை முதலில் எழுந்தது. கேனிலிருந்ததும் மாடியிலிருந்ததும் தொடர்ந்தன. ஷேர் ஆட்டோ பூந்தமல்லியிலிருந்து திரும்பும்வரை அவர் வெயிலிலேயே நின்றார். நிழலுக்கு வரச் சொன்னால் வரமாட்டார் என்பதால் யாரும் சொல்லவில்லை. கடைசியில் அந்த ஜோடியும் வந்து, கழுத்தருகே தங்களுக்கென்று இருந்த கிளையில் உட்கார்ந்தது.

அன்று பறவைகள் களைப்பில் எங்கும் போகாமல் அவரோடு கோயிலுக்கு வந்தன. மைக் பிடித்தவர் வழக்கம்போல் கலசம் என்று தொடங்கினார். சம்பந்தம் நடையை நிறுத்தி, திருத்திச் சொல்லும்படி கையைக் காட்டினார்.

“சம்பந்தம் ஊட்டுப் படிக்கம் வருது, வழிய உடுங்க” என்றது ஒலிபெருக்கி. கூட்டம் வழி விட்டது.

அதன்பின் ஒவ்வோர் ஆடியிலும் அப்படியேதான் சொல்கிறார்கள். உரிந்த இறகுகள் ஐப்பசிக்குள் மறுபடி வளர்ந்துவிட்டன. எல்லம்மா வீட்டில் இருந்த பறவைக்கு மட்டும் ஓர் இறக்கை அவள் குடத்தின் ஆரஞ்சு நிறத்தில் முளைத்திருக்கிறது. அதுவும் நன்றாகத்தான் பறக்கிறது.