தலைவர் மைக்கு

நாவலேரி பேரூராட்சிக்குப் புதிதாகக் கட்டிய மன்றக் கூடத்தில் மேசைகளின் மேல் பதினேழு மைக்கு, கூரையில் பன்னிரண்டு ஸ்பீக்கர், பொதுமக்கள் நின்று கேட்க வெளி முற்றத்தில் இன்னும் நாலு. இத்தனையையும் கட்டி மேய்க்க ஒரே ஒரு டிஜிட்டல் மிக்ஸர். அதைப் பொருத்தி ஓடவைக்கும் வேலையைப் பெரம்பலூர் மைக்செட் கடை முதலாளி, தன்னிடம் வேலை பார்க்கும் தமிழ்மொழி என்ற பெண்ணிடம் முழுசாக விட்டது அதுதான் முதல் தடவை.

“நீயே பாத்துக்க. எனக்குப் போன் பண்ணாத” என்றார். அவளுக்கு அன்றிலிருந்து கால் தரையில் பாவவில்லை.

இந்த மிக்ஸரில் பழைய மாதிரி வரிசை வரிசையாகத் திருகு கிடையாது. கறுப்புப் பெட்டியாக இரும்பு அலமாரிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அலமாரியைப் பூட்டிவிட்டு, கையில் டேப்லெட்டோடு கூடம் முழுக்கச் சுற்றலாம். எந்த மைக்கு எந்த ஸ்பீக்கருக்குப் போக வேண்டும், எது எவ்வளவு சத்தம், எல்லாம் விரல் நுனியில். இரண்டு நாள் அவள் ஒவ்வொரு மைக்காகத் தட்டி, ஸ்பீக்கர் ஊளையிடுகிற சுருதிகளைத் தேடித் தேடிக் குறைத்து, பதினேழையும் வாய்க்கு வந்தபடி திட்டிப் பேசிச் சரிபார்த்தாள். ஆளில்லாத கூடத்தில் திட்டுவது தனி சுகம்.

மூன்றாம் நாள் மத்தியானம் துணைத் தலைவர் ராசாங்கம் வந்தார். முப்பது வருசம் மேடையில் பேசிப் பழகிய தொண்டை. நேராகப் போய்த் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“ஏம்மா, இந்த மைக்குல நான் பேசும்போது மத்தவன் சத்தமெல்லாம் அடங்கிரணும். அப்படி வைக்க முடியுமா?”

“முடியும் சார். இதுல குரல் வந்தா மத்த மைக்கெல்லாம் தானாக் கீழ எறங்கிரும். ஆனா இது தலைவர் மைக்குங்க சார்.”

“தலைவர்னா நான்தாம்மா. பொம்பளைக்குன்னு ஒதுக்கிட்டானுங்க, அதனால பேப்பர்ல வேற பேரு. நீ வை.”

அப்படியே எழுதித் தரச் சொல்லிக் கேட்டாள். அவரும் கையோடு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்.

பேப்பரில் இருந்த வேற பேரு கமலவேணி. அன்று சாயங்காலமே அவள் வந்தாள். நாற்பது வயசு, ஒடிசலான உருவம். தலைவராகும் வரைக்கும் வாரச்சந்தையில் சின்ன வெங்காயம் விற்றவள். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, யாரோ வீட்டுக்கு வந்த மாதிரி தயங்கி நின்றாள்.

“வாங்கக்கா, உங்க எடந்தான். உக்காந்து ஏதாச்சும் பேசுங்க, அளவு வச்சுக்கறேன்.”

கமலவேணி மைக்கைப் பார்த்தாள். “வணக்கம்” என்றாள். டேப்லெட்டில் சத்தத்தின் அளவைக் காட்டும் பச்சைக் கோடு அசையக்கூட இல்லை.

“இன்னும் கொஞ்சம் சத்தமா.”

“இதுக்கு மேல வராதும்மா. பதினாலு மாசமா இந்தச் சபையில ஒரு வாக்கியம் முழுசாப் பேசுனதில்ல. நான் வாயத் தொறந்ததும் துணைத் தலைவரு ஆரம்பிச்சிருவாரு. சந்தையில பொம்பளைங்களுக்கு ஒரு கக்கூஸ் கட்டணும்னு நாலு கூட்டமாக் கொண்டு வரேன். தலைப்பு வாசிக்கறதோட சரி.”

தமிழ்மொழி ஒரு கணம் யோசித்தாள். “அக்கா, வெங்காயம் என்ன வெல?”

“இப்பவா? நாப்பது.”

“சந்தையில எப்படிச் சொல்லுவீங்க?”

கமலவேணி சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டாள். பிறகு இடுப்பில் கை வைத்து, “கிலோ நாப்பதேய்! நாப்பது நாப்பதேய்! உரிச்சா கண்ணு கலங்கும், சமைச்சா வூடே மணக்கும், நாப்பதேய்!” என்றாள். பச்சைக் கோடு துள்ளி மஞ்சளைத் தொட்டது. பன்னிரண்டு ஸ்பீக்கரும் ஒரே நேரத்தில் வெங்காயம் விற்றன. அவள் அண்ணாந்து கூரையைப் பார்த்தாள்.

“ஐயோ, இது நானா?”

இரண்டு பேரும் மேசையில் கவிழ்ந்து சிரித்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு தமிழ்மொழி விசயத்தைச் சொன்னாள். ராசாங்கம் எழுதிக் கொடுத்ததைக் காட்டினாள். நாளைக் கூட்டத்தில் குரல் சின்னதாக வந்தாலும் பிடித்துக்கொள்ளும்படி தலைவர் மைக்கைக் கூர்மையாக வைத்திருப்பதையும் சொன்னாள்.

“இவரு வந்து இந்த மைக்க இழுத்துக்கிட்டாருன்னா?”

“மேசையோட வச்சு முறுக்கிட்டேன். நாற்காலிய நீங்களா விட்டாத்தான் உண்டு.”

மறுநாள் பதினோரு மணிக் கூட்டத்துக்குக் கமலவேணி ஒன்பது மணிக்கே வந்து தலைவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். டீ வந்தது, எழுந்திருக்கவில்லை. அலுவலர் கோப்போடு வந்தார், உட்கார்ந்தபடியே கையெழுத்துப் போட்டாள். ராசாங்கம் வந்து பக்கத்தில் நின்று இரண்டு தடவை தொண்டையைச் செருமினார். அவள் கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தாள். வேறு வழியில்லாமல் துணைத் தலைவர் இடத்தில் போய் உட்கார்ந்தார்.

கடைசி வரிசையில் தமிழ்மொழி டேப்லெட்டோடு உட்கார்ந்திருந்தாள். முற்றத்தில் சந்தைப் பெண்கள் நாற்பது ஐம்பது பேர் சன்னலை ஒட்டி நின்றிருந்தார்கள்.

ராசாங்கம்தான் முதலில் ஆரம்பித்தார். “மதிப்பிற்குரிய உறுப்பினர்களே!” ஆகா, என்ன கம்பீரம்! புது ஸ்பீக்கரில் கேட்ட தன் குரலில் அவரே ஒரு நொடி சொக்கிப்போனார். “இந்தப் பேரூராட்சியின் வளர்ச்சிக்காக இரவு பகல் பாராமல்…”

“பொருள் எண் ஒண்ணு” என்றாள் கமலவேணி.

சின்னக் குரல்தான். ஆனால் ராசாங்கத்தின் வளர்ச்சி கிணற்றில் விழுந்த மாதிரி தொபுக்கென்று கீழே போனது. கூடம் முழுக்க அவள் குரல் மட்டும் நின்றது. “வாரச்சந்தையில் பெண்களுக்குக் கழிப்பறை கட்டுவது தொடர்பாக.”

ராசாங்கம் மைக்கைத் தட்டினார். இன்னும் சத்தமாகப் பேசினார். கமலவேணி அடுத்த வரியை வாசித்தாள், அவர் திரும்பவும் காணாமல் போனார். எழுந்து பக்கத்து உறுப்பினரின் மைக்குக்குப் போனார். அங்கேயும் அதே கதி. அதற்கடுத்த மைக்கு, அதற்கடுத்தது என்று மேசையைச் சுற்றி வந்தார். போன இடமெல்லாம் முதல் இரண்டு சொல் இடியாய்க் கேட்கும், அவள் “உக்காருங்கண்ணே” என்பாள், மிச்சம் மறைந்துவிடும். மைக்கே வேண்டாம் என்று வெறும் தொண்டையில் கத்திப் பார்த்தார். பதினாறு மின்விசிறிகளின் இரைச்சலில் அது முன்வரிசையைத் தாண்டவில்லை.

சன்னலில் ஒரு பெண், “அந்தண்ணன் என்னடி சொல்லுது? வாய் மட்டும் அசையுது!” என்றாள். முற்றமே கொல்லென்று சிரித்தது. தமிழ்மொழி துப்பட்டாவை வாய்க்குள் திணித்துக்கொண்டாள்.

“ஏம்மா மைக்குப் பொண்ணு! இது ரிப்பேரு!”

அவள் எழுந்து நின்றாள். “ரிப்பேர் இல்லீங்க சார். நீங்க எழுதிக் குடுத்த மாதிரியேதான் வச்சிருக்கேன்.” தாளைத் தூக்கியும் காட்டினாள்.

கமலவேணிக்கு அதன்பிறகு போதை ஏறிவிட்டது. தீர்மானத்தை வாசித்தாள், காரணத்தைச் சொன்னாள், எந்த மூலையில் கட்டலாம், தண்ணீர்க் குழாய் எங்கிருந்து வரும், கதவுக்குத் தாழ்ப்பாள் உள்பக்கம் எத்தனை, எல்லாம் சொன்னாள். யார் வாயைத் திறந்தாலும் பதில் அவளே சொன்னாள். பதினாலு மாசத்துப் பேச்சு.

அப்போது எட்டாவது வார்டு உறுப்பினர் காத்தாயி எழுந்தாள். அறுபது வயசு. அவளும் இதுவரை சபையில் பேசியதில்லை. மைக்கைத் தொடப் பயந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“எங்க வூட்டு மருமவ சந்தைக்குப் போற அன்னிக்கு…”

“ம்ம்” என்றாள் கமலவேணி, ஆமோதித்து.

காத்தாயியின் குரல் விழுந்தது. அவள் திடுக்கிட்டு நிறுத்தினாள். மறுபடி, “காலையிலருந்து தண்ணியே…”

“ம்ம், சொல்லுங்க.”

திரும்பவும் விழுந்தது. காத்தாயி மைக்கையும் தலைவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மெதுவாக உட்காரப் போனாள்.

தமிழ்மொழிக்குப் புரிந்துவிட்டது. தப்பு அவளுடையது. தலைவர் மைக்கை அத்தனை கூர்மையாக வைத்தது அவள்தான். ஒரு முனகல் போதும், எல்லாரும் அமுங்கிவிடுகிறார்கள். விரல் டேப்லெட்டின் மேல் போய் நின்றது. கூர்மையைக் குறைத்தால் ராசாங்கம் மேலே வந்துவிடுவார். குறைக்காவிட்டால் இந்த அம்மா வாயே திறக்க முடியாது. கமலவேணியின் கண் தன் பக்கம் திரும்பியதும், மைக்கின் அடியில் இருக்கும், அதை அணைக்கிற பொத்தானை அழுத்துவதுபோல் கட்டைவிரலைக் காற்றில் அழுத்திக் காட்டினாள்.

கமலவேணி குனிந்து பார்த்தாள். பொத்தானை அழுத்தினாள். மைக்கின் கழுத்தில் எரிந்த சிவப்பு வளையம் அணைந்தது. “நீங்க பேசுங்கக்கா” என்று கையால் காட்டினாள்.

காத்தாயி நிமிர்ந்தாள். “மருமவ காலையிலருந்து தண்ணியே குடிக்கமாட்டா. குடிச்சா போவ எடமில்ல. சித்திரை வெயில்ல மயக்கம் போட்டுத் தக்காளிக் கூடை மேலயே விழுந்துட்டா. தக்காளியெல்லாம் நசுங்கிப்போச்சு. நசுங்கின தக்காளிய யாரு வாங்குவா? நாங்களே ஒரு வாரம் தக்காளிச் சோறா தின்னோம்.” நிறுத்தினாள். கூரையைப் பார்த்தாள். “ஏ ஆத்தா, எம் பேச்சு மேலருந்து வருது!”

கூடம், முற்றம், அலுவலர், எல்லாரும் சிரித்துவிட்டார்கள். சிரித்த கையோடு கைகள் எழும்பின. பதினைந்தில் பதினொன்று. முற்றத்தில் யாரோ குலவை போட்டார்கள். வெளி ஸ்பீக்கர் இருந்தும் அந்தக் குலவைதான் பெரிய சத்தம்.

கமலவேணி பொத்தானை மறுபடி அழுத்தி, மிச்சமிருந்த ஆறு பொருளையும் வாசித்தாள். தெருவிளக்குக் கம்பத்தின் எண்களைக்கூட ஒன்று விடாமல் வாசித்தாள். ஆனால் இப்போது யாராவது எழுந்தால் அவள் கட்டைவிரல் பொத்தானுக்குப் போனது. ராசாங்கத்துக்கும் இரண்டு நிமிசம் கிடைத்தது. இரண்டு நிமிசத்தில் பேசி முடித்த பழக்கம் அவருக்கு இல்லை. இரவு பகல் பாராமல் என்பதிலேயே முடிந்துவிட்டது.

கூட்டம் கலைந்ததும் அவர் தமிழ்மொழியிடம் வந்தார். “இத மாத்திரு.”

“தலைவர் கையெழுத்துப் போட்டுக் குடுத்தா மாத்திடறேன் சார்.”

அவர் முறைத்தார். பிறகு குரலைத் தணித்து, “அந்த மொதல் ரெண்டு வார்த்த… எப்படியிருந்துச்சு?”

“இடி மாதிரி இருந்துச்சு சார். நெசமா.”

“ம்” என்று மீசையைத் தடவிக்கொண்டு போனார். பாதி சிரித்த மாதிரியும் இருந்தது.

கமலவேணி ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். அத்தனை பேசிய பிறகு தொண்டை கட்டிப்போயிருந்தது. காற்று மட்டும் வந்தது. அதற்கும் இரண்டு பேரும் சிரித்தார்கள்.

தமிழ்மொழி எல்லா அளவுகளையும் மிக்ஸரில் சேமித்து, அலமாரியைப் பூட்டி, சாவியை அலுவலரிடம் கொடுத்துவிட்டு ஸ்கூட்டியைக் கிளப்பினாள். சுண்ணாம்புக்கல் லாரிகள் புழுதி கிளப்பிக்கொண்டு எதிரே வந்தன. அவள் ஹெல்மெட்டுக்குள் தனியாகச் சிரித்துக்கொண்டே போனாள். பெரம்பலூருக்குப் பத்து கிலோமீட்டர் இருக்கும்போது போன் அடித்தது. புளியமரத்தடியில் நிறுத்தி எடுத்தாள். தெரியாத நம்பர், பெண் குரல்.

“மைக்குப் பொண்ணா? நான் பக்கத்துப் பேரூராட்சித் தலைவர் பேசறேன். நாவலேரிக் கூட்டத்த ஒருத்தி போன்ல புடிச்சு அனுப்புனா. நாலு தடவ பாத்துட்டேன். அதே மாதிரி எங்க சபைக்கும் வேணும்மா.”

“வச்சிரலாங்கக்கா. எப்ப வரட்டும்?”

“நாளைக்கே வா. புதன்கிழமை கூட்டம் இருக்கு.” கொஞ்சம் தயங்கினாள். “எங்க துணைத் தலைவரு இவரவிட சத்தமாப் பேசுவாரு. பரவாயில்லையா?”