தொலெரா ஒருமுறை சொன்னது

என் தம்பி தொலெரா சிறையில் நடந்ததை ஒரே ஒருமுறைதான் வாய்விட்டுச் சொன்னான். அதையும் போயும் போயும் தப்பான ஆளிடம் சொல்லித் தொலைத்தான்.

மார்லூஸ் நல்ல பெண்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் அவளைக் கரித்துக் கொட்டுவதாக நினைப்பீர்கள். பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். மனசு உடைந்து வருகிறவர்களிடம் அடைக்கல விசாரணை நியாயமாக நடக்கிறதா என்று பார்ப்பதுதான் ஆராய்ச்சி. அதற்கு ஆள் தேடி அகதி முகாமுக்கு வந்தவள் தொலெராவைப் பிடித்தாள். முகாம் அறையில் காப்பிக்கொட்டை வறுத்தால் புகைமணி அலறித் தீயணைப்பு வண்டியே வந்துவிடும். அதனால் இருவரும் இந்த டச்சு நாட்டில் அசன் நகரில் இருக்கும் என் வீட்டுக்கு வருவார்கள். நான் முதியோர் இல்லத்தில் வேலைக்குப் போயிருப்பேன். இவன் எத்தியோப்பியாவில் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்தவன், பேச்சுக்குக் குறைவில்லை. டச்சுக்காரர்கள் ஒரு கோப்பை குடித்ததுமே கடிகாரத்தைப் பார்ப்பார்கள். இவளோ எங்கள் ஊர் வழக்கப்படி மூன்று சுற்றுக் காப்பியும் முடியும்வரை எழுந்திருக்க மாட்டாளாம். அதில்தான் என் தம்பி விழுந்தான்.

எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது, மறைப்பானேன். எங்கள் மூத்தவர் மெர்கா அண்ணனும் இவனும் ஒன்றாகத்தான் பிடிபட்டார்கள். இவன் உயிரோடு வந்தான், அண்ணன் வரவில்லை. உள்ளே என்ன நடந்தது என்று நான் கேட்காத நாளில்லை. வாயைத் திறந்தானா? எழுந்து போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பிப்பான். அப்படிப்பட்டவன் ஒரு மூன்றாம் மனுஷியிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். அன்று நான் வேலை முடிந்து வந்தபோது சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். அதற்கப்புறம் பல நாள் சாப்பாடும் இல்லை, பேச்சும் இல்லை.

அரசாங்க விசாரணை பிறகுதான் வந்தது. அதற்கு முன்னால், விசாரணையைத் தாங்குவானா என்று பார்க்க வந்த ஒரு நர்ஸ், தூக்கம் எப்படி, ஞாபகசக்தி எப்படி என்று கேட்டாளாம். எல்லாம் நலம் என்றிருக்கிறான். முன்பின் தெரியாதவர் கேட்டால், உயிர் போகிற நேரத்திலும் எங்கள் ஆட்கள் அப்படித்தான் சொல்வார்கள். அவளும் அப்படியே எழுதிக்கொண்டாள். விசாரணையில் அதிகாரி சிறையைப் பற்றிக் கேட்டதும், அதை மார்லூஸிடம் சொல்லியாகிவிட்டது, அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். மார்லூஸ் யார் என்று அந்த ஆளுக்கு என்ன தெரியும்?

முடிவு வந்தது. சிறை பற்றிச் சொன்னதில் விவரமே இல்லை, நம்பும்படியாக இல்லை, ஊருக்குத் திரும்பிப் போகலாம்.

நான் ஆடித் தீர்த்துவிட்டேன். "ஏன்டா, அவகிட்ட சொல்லத் தெரிஞ்ச வாய்க்கு அங்க என்ன கேடு வந்துச்சு? அவ என்ன கவர்மெண்டா?"

"கழுத்துல அட்டை தொங்குச்சு. கையெழுத்து வாங்கினாங்க, பதிவு பண்ணாங்க. எல்லாம் ஒரே எடத்துக்குத்தான் போகும்னு நெனச்சேன் கலானேக்கா."

தான் அரசாங்க ஆள் இல்லை என்று மார்லூஸ் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறாள். எங்கள் ஊரில் அரசாங்க ஆள்தான் அப்படிச் சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வருவான். இவன் சரி சரி என்று தலையாட்டியிருக்கிறான்.

"சரி, போனது போகட்டும். வக்கீல் அப்பீல் போடறார். இன்னொரு தடவ சொல்லிடு."

"முடியாதுக்கா. ஒரு தடவைக்குத்தான் என்கிட்ட தெம்பு இருந்துச்சு."

வக்கீல் கூப்பிட்டதும் மார்லூஸ் ஓடி வந்தாள். ஒலிப்பதிவை எழுத்தில் இறக்கியவுடன் அழித்துவிட்டாளாம். இவனை யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாது என்று பெயர், ஊர், தொழில், உறவு எல்லாவற்றையும் மாற்றிவிட்டாளாம். அதுதான் விதி, அப்படித்தான் இவனுக்கு வாக்கும் கொடுத்திருக்கிறாள். கேட்டது கேட்டபடி நீதிமன்றத்துக்குக் கடிதம் எழுதினாள். இவர் மருத்துவரும் இல்லை, பதிவும் கையில் இல்லை என்று அதைத் தள்ளிவிட்டார்கள். என் சமையலறையில் உட்கார்ந்து அழுதாள்.

"உங்க தம்பிய நான் ரொம்ப நல்லா மறைச்சுட்டேன், கலானே."

எனக்கு அவளை அறையவும் தோன்றியது, அணைத்துக்கொள்ளவும் தோன்றியது. இரண்டும் செய்யாமல் காப்பி போட்டேன். அண்ணனுக்கு என்ன ஆயிற்று, நீயாவது சொல்லு என்று கெஞ்சினேன். அதை அவர்தான் சொல்ல வேண்டும் என்றுவிட்டாள்.

அப்பீலும் போயிற்று. தொலெரா முகாமைக் காலி செய்ய ஒரு வாரம்தான் இருந்தது. அந்த நேரம் பார்த்து மார்லூஸின் பட்ட விழா வந்தது. இங்கே சபையில் வைத்துக் கேள்வி கேட்டுத்தான் பட்டம் கொடுப்பார்களாம். எனக்குப் போக விருப்பமில்லை. கூப்பிட்டிருக்கிறார்கள், போகாவிட்டால் மரியாதையாக இருக்காது என்று இவன்தான் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு என்னையும் இழுத்துப் போனான்.

கறுப்பு அங்கி போட்ட பேராசிரியர்கள் வரிசையாக உட்கார்ந்து அவளைக் கேள்வி மேல் கேள்வி கேட்டார்கள். எல்லாம் டச்சு. இவனுக்கு ஒன்றும் புரியாததால் நான் காதோடு சொல்லிக்கொண்டிருந்தேன். நரைத்த தலைக்காரர் ஒருவர் அவள் ஆய்வேட்டைத் திறந்து, ஒரு பக்கத்தை எல்லோரும் கேட்க வேண்டும் என்று சொல்லி வாசிக்க ஆரம்பித்தார். நானும் வரிக்கு வரி எங்கள் மொழியில் சொல்லிக்கொண்டே போனேன். மேற்கு ஆப்பிரிக்காவில் ஒரு தையல்காரன். அவனும் அவன் கூட்டாளியும் ஒரே சிறையறையில் கிடக்கிறார்கள்.

"கூட்டாளி தண்ணி கேட்டான். என்கிட்ட கொஞ்சம் இருந்துச்சு. அசைஞ்சா அடிப்பாங்க. தூங்கற மாதிரி கிடந்தேன். அவன் என் பேரச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டான்."

என் நாக்கு அங்கேயே நின்றுவிட்டது. கூட்டாளியாவது ஒன்றாவது. அது மெர்கா அண்ணன்.

"சொல்லுக்கா," என்றான் தொலெரா, தரையைப் பார்த்தபடி.

"காலைல அவன் எழுந்திருக்கல," என்றேன். இத்தனை வருஷம் இவனைக் கேள்வி கேட்டுத் துளைத்த என் வாயை நினைத்தால் எனக்கே வெறுப்பாக இருந்தது. மார்லூஸ் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. நரைத்த தலைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு ஏதோ சொன்னார்.

"என்னக்கா சொல்றார்?"

"இதுல ஒரு வார்த்தையக்கூட சந்தேகப்பட முடியாதுங்கறார்."

அவன் தரையிலிருந்து தலையைத் தூக்கினான்.

"அப்ப அந்தத் தையல்காரன இங்க இருக்க விட்டிருப்பாங்கல்ல?"

அதற்குள் கையில் கோலோடு ஒரு பெண் உள்ளே வந்து, தரையில் தட்டி, நேரம் முடிந்தது என்றாள். மார்லூஸுக்குப் பட்டம் கொடுக்கலாமா என்று முடிவு செய்ய அங்கிக்காரர்கள் எழுந்து வெளியே நடந்தார்கள். அவர்கள் போகும்வரை எல்லோரும் நிற்க வேண்டுமாம். நாங்களும் எழுந்து நின்றோம்.