அக்காவின் கையில் கொடுத்த பிரதி

மேனுகா, ஏன் முகம் வாடிக்கிடக்கிறது என்று இன்று வகுப்பில் கேட்டாய். எல்லாருக்கும் முன்னால் சொல்ல முடியவில்லை. நாளை வவுனியாவில் அம்மாவின் மேன்முறையீடு. வீட்டுக்கு வந்த பிறகு நானே சாட்சியும் ஆகிவிட்டேன். பயமாக இருக்கிறது.

அம்மா கிளிநொச்சிக் காமென்றில், அந்த ஆடைத் தொழிற்சாலையில், தைத்த காலம் உனக்குத் தெரியாது. பின்னேரங்களில் மல்லாவிச் சந்தியில் சைக்கிளோடு காத்து நிற்பேன். கொம்பனி பஸ்ஸிலிருந்து அம்மாவும் ஜெகதீஸ்வரி அக்காவும் எதற்கோ சிரித்தபடியே இறங்குவார்கள். அக்கா சூப்பவைசர். ஆனாலும் அம்மாவின் தலையில் ஒட்டிய நூல்களை அவர்தான் எடுத்துவிடுவார்.

"கொம்மான்ர தலையில இருக்கிற நூலில உனக்கொரு சட்டை தைக்கலாமடி."

அந்தப் பஸ்ஸின் டீசல் மணம்கூட இப்போது வேண்டும்போல இருக்கிறது.

எனக்கு டெங்கு வந்தபோது அம்மா லீவு எழுதிக் கொடுக்காமல் ஆஸ்பத்திரியில் நின்றார். வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். முதல் விசாரணையில் தோற்றோம். மேன்முறையீடு செய்வதென்றால், மனுவின் பிரதியைக் கொம்பனிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, அங்கே தரும் பற்றுச்சீட்டுத் துண்டை மேன்முறையீட்டுச் சபைக்குக் காட்ட வேண்டும். அம்மா தபால்கந்தோர் வாசல்வரை போய்த் திரும்பிவிட்டார்.

"ஒரே சோத்துப் பாசலில சாப்பிட்ட மனுசி. கலியாணம் சொல்லுற மாதிரி வீட்டுக்குப் போய்ச் சொல்லாமல், தபாலிலயோ போடுறது?"

பிரதியோடும் ஒரு வாழைப்பழச் சீப்போடும் அக்கா வீட்டுக்குப் போனோம்.

"உங்களுக்கு எதிரா இல்லையக்கா, கொம்பனிக்குத்தான்."

"வழக்குக்கும் வாழைப்பழமோ? பிரதியைத் தா, நான் ஒபிசில குடுக்கிறன்."

வாங்கியதற்குக் கையெழுத்துக் கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை.

பிரதி வரவேயில்லை என்று கொம்பனி இப்போது சொல்கிறது. தொழிற்சங்கத்து ஜனார்த்தனன் அண்ணை இன்று பின்னேரம் வந்தார்.

"துண்டு இல்லையெண்டா மனுவைத் தள்ளுபடி செய்துபோடுவினம். சூப்பவைசர் வாங்கினா கொம்பனி வாங்கின மாதிரித்தான். குடுத்ததைக் கண்ட உங்கட மகள் தேனுகா வந்து சொல்லட்டும்."

அவர் போனதும் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார்.

"அவாவின்ர பேரைச் சொல்லிப்போடாத. அவாவுக்கும் பிள்ளையள் இருக்கு."

"அப்ப உங்கட வேலை?"

அம்மா போய்ப் படுத்துவிட்டார். நான் போனை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனேன்.

"அக்கா, தேனுகா கதைக்கிறன். உங்கட கையில குடுத்தது எண்டு நாளைக்குச் சொல்லப்போறன். அம்மா வேண்டாமெண்டவா."

அக்கா குரலைத் தணித்துக்கொண்டார்.

"பிரதி என்ர அலுமாரிக்குள்ளதான் கிடக்கு. குடுக்கத்தான் போனனான். மனேச்சரின்ர முகத்தைப் பாத்திட்டுத் திரும்பிட்டன். நீ சொல்லு பிள்ளை."

"உங்கட வேலையக்கா?"

"வெள்ளன எழும்பவேணுமெல்லே. போய்ப் படு."

அம்மாவின் வேலைக்காக அக்காவின் வேலையைக் கேட்டேன். தந்துவிட்டார். நாளை அவருடைய பெயரைச் சொல்லும்போது எனக்குக் குரல் வருமா, மேனுகா?