வரிசையில் நின்ற நகல்கள்

நமக்குப் பதிலாக வரிசையில் நிற்கும் வலைச் செயலி வந்த மூன்றாம் நாள், லிங்க் அக்கா பாஸ்போர்ட் அலுவலகத்திலும் பல் ஆஸ்பத்திரியிலும் தன் மேசையிலும் ஒரே நேரத்தில் இருந்தாள். காப்பீட்டு அலுவலகத்தில் படிவங்களைச் சரிபார்ப்பது அவள் வேலை. புதுச் செயலிகளைத் தேடிப்பிடித்து, செவ்வாய்தோறும் தெரு குரூப்பில் லிங்க் போடுவது அவள் கிறுக்கு. டாக்டர் கிறுக்கலைப் படித்துச் சொல்லும் தளத்தை அவள் அனுப்பிய அன்று தெருவே பால்கனியில் நின்று கைதட்டியது. பஸ் எந்த முனையில் திரும்புகிறது என்று காட்டும் தளத்துக்கு மாடி வீட்டுக்காரர் கேக் வெட்டினார். தன் பெயரைப் போட்டுச் சோதித்துப் பார்க்காமல் அவள் எதையும் அனுப்பியதில்லை. இந்தப் புதுச் செயலியில் பெயரையும் இடத்தையும் தட்டினால் போதும். நம் நகல் ஒன்று, நாம் உடுத்தியிருக்கும் அதே துணியில், அங்கே போய் நிற்கும். பேசாது, வியர்க்காது, முண்டியடிக்காது. கவுன்டர் வந்ததும் நம் கையெழுத்தையே போடும். ஊழியர்களுக்கு நிஜ ஆட்களைவிட நகல்களைத்தான் பிடித்துப்போனது.

அக்காவின் தம்பி லிஃப்ட் பழுதுபார்ப்பவன். இரண்டு படி ஏறினாலே மூச்சு வாங்கியது. இதய வால்வு இன்னும் நாலு மாதம் தாங்கும், அதற்குமேல் தன்னால் சொல்ல முடியாது என்றார் டாக்டர். பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் பட்டியல் திறக்கும். வரிசையில் முதல் ஆறு பேருக்குத்தான் ஆபரேஷன் தேதி. குரூப்பில் வந்து குவிந்த நன்றிகளுக்கெல்லாம் பதில் எழுதி முடித்துவிட்டு அவள் தன் நகலை அங்கே அனுப்பியபோது, அவள் லிங்கை வைத்தே ஐந்து பேர் முந்தியிருந்தார்கள். நகலுக்கு ஒன்பதாவது இடம் கிடைத்தது. தன் மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது.

பட்டியல் திறக்கும் நாள் மதியம், யாரும் படிக்காத பொடி எழுத்து அறிவிப்பை வழக்கம்போல் அவள் மட்டும் படித்தாள். செயலியின் சோதனைக் காலம் இன்று மாலை நாலு மணியோடு முடிகிறது, நகல்கள் அனைத்தும் கலைக்கப்படும். கவுன்டர் திறப்பது நாலரைக்கு. போட்டது போட்டபடி ஓடினாள். மூன்று மணிக்கு ஆஸ்பத்திரி நடையில் தன் நகலின் தோளைத் தட்ட, அது கரைந்து இடம் விட்டது. அப்புறம்தான் முன்னால் எண்ணினாள். மூன்று பேர் நிஜம். மற்ற ஐந்தும் அவள் தெருக்காரர்களின் நகல்கள், ஆறாவது இடத்தில் தையல்காரருடையது, மகளின் இதயத்துக்காக. நாலு மணிக்கு ஐந்தும் மறைந்தால் அவள் நாலாவது ஆள். வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும்.

தம்பி போனில் கூப்பிட்டான். "இடம் கெடச்சிடுமாக்கா?"

"கெடச்சிடும்டா. நீ மாத்திரை போட்டியா?"

போனை வைத்துவிட்டு முன்னால் பார்த்தாள். தையல்காரரின் நகல் கழுத்தில் அளவு நாடா தொங்க, இமைக்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. இத்தனை வருடத்தில் கண்டுபிடித்த எதையும் அவள் தனக்குள் வைத்துக்கொண்டதில்லை. அந்த வித்தை அவளுக்குத் தெரியாது. மூன்று இருபதுக்குக் குரூப்பில் எழுதினாள்: 'நாலு மணிக்கு நகல் போயிடும். உடனே நேர்ல வாங்க.' எழுதிவிட்டு, தம்பியை நினைத்து அழுதாள்.

இரண்டு பேர் வந்து தங்கள் நகலைத் தட்டினார்கள். மூன்று ஐம்பத்தெட்டுக்குத் தையல்காரர் ஒற்றைச் செருப்போடு வந்து சேர்ந்தார். மற்ற இருவரின் போன் அணைந்திருந்தது. நாலு மணிக்கு அவர்களுடைய நகல்கள் சத்தமில்லாமல் கலைய, அவள் ஏழாவது ஆளானாள். கடைசித் தேதி தையல்காரருக்குப் போயிற்று. சீட்டைப் பிடித்துக்கொண்டு அவளைப் பார்க்கவும் முடியாமல், போகவும் முடியாமல் அவர் தவித்தார்.

"அடுத்தது மூணு மாசம் கழிச்சுதான். நிக்கிறதுன்னா நில்லுங்க, வரிசை கலையாது," என்றார் கிளார்க்.

அவள் நின்றாள். மறுநாள் காலை தையல்காரர் வந்தார். "நீங்க வீட்டுக்குப் போய்ட்டு வாங்கக்கா, நான் நிக்கிறேன்." அவள் விலகி அவர் நின்றதும், அவர் முகம் அவள் முகமாயிற்று, மூக்கோரத்து மச்சம் உட்பட எல்லாம் வந்தது, மீசை மட்டும் போகவில்லை. அதன்பின் தெருவே முறை வைத்து நின்றது. யார் நின்றாலும் அந்த முகம்தான். மாடி வீட்டுக்காரருக்கு அது பொருந்தவில்லை என்று அவர் மனைவி சொன்னாள். தம்பி இரண்டாம் மாதம் படுக்கையோடு ஒடுங்கினான், மூன்றாம் மாதம் உதடு நீலம் பூத்தது, அக்கா அவன் மூச்சை எண்ணியபடி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

பட்டியல் மறுபடி திறந்தபோது வரிசையில் நிற்கும் முறை தையல்காரருடையது. கிளார்க் மீசைக்கு மேலிருந்த அந்த முகத்தை ஏற இறங்கப் பார்த்தார்.

"நோயாளிக்கு நீங்க என்ன உறவு?"

"அக்கா," என்றார் தையல்காரர்.

கிளார்க் அப்படியே எழுதிக்கொண்டு, பதினேழாம் தேதி வெறும் வயிற்றோடு அழைத்து வரச் சொல்லி, சீட்டை நீட்டினார்.