மாமனார் பிடித்து வைத்திருந்த கிணறு

ஓர்த்தி என்ற கிணற்றை நாங்கள் காலை ஏழேகாலுக்குப் பிடித்திருக்க வேண்டும். ஏழு பத்துக்குத் தளபதி வண்டியைத் திருப்பிவிட்டார்.

நாங்கள் பத்தொன்பது பேர், மூன்று வண்டி. எதிரே பதினோரு பேர், ஒரு பழைய பீரங்கி. அந்தப் பீரங்கி லிபிய எல்லையைப் பார்த்து நின்றது. அதை எங்கள் பக்கம் திருப்பவே அவர்களுக்குக் கால் மணி நேரம் பிடிக்கும். உள்நாட்டுச் சண்டை தொடங்கிய ஆறு வருடத்தில் இவ்வளவு சுலபமான வெற்றி எங்களுக்கு வாய்த்ததில்லை. அன்றும் வாய்க்கவில்லை.

தளபதி வர்துகுவின் வண்டி போகும் வழியில்தான் மற்ற இரண்டும் போக வேண்டும் என்பது கட்டளை. அவர் அரைவட்டம் போட்டுத் திரும்பினார், பின்னால் வந்த இரண்டும் அரைவட்டம் போட்டுத் திரும்பின. இது என்ன புதுத் தந்திரம் என்ற யோசனையில் எதிரிகள் சுட மறந்துவிட்டார்கள்.

மணல்மேட்டுக்குப் பின்னால் வண்டிகள் நின்றன. ஓட்டுநர் அபகர் குதித்து ஓடிவந்தான்.

"என்னண்ணே, டயரா?"

தளபதி முண்டாசுத் துணியால் முகம் முழுவதையும் சுற்றியிருந்தார். கண் மட்டும் தெரிந்தது. அதையும் மூடிக்கொண்டுதான் பேசினார்.

"பீரங்கிக்குப் பக்கத்துல நிக்கிறது யாருன்னு பாரு."

தொலைநோக்கியை நான் வாங்கிப் பார்த்தேன். நெட்டையாக ஒரு கிழவர், வெள்ளைத் தாடி.

"யாருண்ணே அது?"

"மேரமோட அப்பா."

மேரம் தளபதியின் மனைவி. எல்லோரும் ஒரே குரலில் "ஓ" என்றார்கள். யாருக்கும் கோபம் வரவில்லை. எனக்குக் கோபம் வந்ததே அதனால்தான். தேடா என்ற எங்கள் பாலைவன இனத்தில் மருமகன் மாமனாருக்கு முகம் காட்ட மாட்டான், அவரோடு ஒரு வார்த்தை பேச மாட்டான். அவர் வரும் வழியில் இவன் போக மாட்டான். ஊரில் இருக்கும்வரை நல்ல வழக்கம். கிணற்றைப் பிடிக்கப் போன இடத்தில்?

நான் தலைநகரில் இரண்டு வருடம் சட்டம் படித்தவன். நாட்டில் சட்டம் தீர்ந்துபோன பிறகு கல்லூரியை மூடிவிட்டார்கள். எழுத்துத் தெரியும் என்று என்னிடம் வயர்லெஸ்ஸைக் கொடுத்திருந்தார்கள். அதற்கு எழுத்துத் தேவையில்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை.

துணைத் தளபதி அல்லாச்சி முன்னால் வந்தான். "நீ இங்கயே இரு. நான் போய்ப் பிடிச்சுட்டு வர்றேன்."

"பெரியவர் மேல குண்டு பட்டுச்சுன்னா?"

"பட்டா பட்டதுதான்."

"மாமனாரைக் கொன்னவனை நான் சும்மா விட முடியுமா? உன்னைச் சுடணும். அப்புறம் உன் தம்பி என்னைச் சுடுவான்."

அல்லாச்சி நிஜமாகவே யோசித்தான். "என் தம்பிக்குக் குறி சரியா வராது. வேற எவனையாவது சுட்டு வெச்சிருவான்," என்றான். அந்தத் திட்டம் அத்தோடு முடிந்தது.

தண்ணீர் இரண்டு தோல்பைதான் மிச்சம். மீதியை முந்தின நாள் அபகர் ரேடியேட்டருக்கு ஊற்றியிருந்தான். அடுத்த கிணறு இரண்டு நாள் தொலைவு. நான் பொறுமையிழந்து சொன்னேன்:

"அண்ணே, வெட்கம் அவருக்கும்தானே? முகத்தைத் திறந்துக்கிட்டு நேரா நடந்து போங்க. அவரே எழுந்து ஓடிருவாரு. ஒரு குண்டுகூடச் செலவில்ல."

அவரை அம்மணமாக ஓடச் சொன்னதுபோல் பார்த்தார்கள்.

"படிச்சவன்," என்று அபகர் மற்றவர்களைச் சமாதானப்படுத்தினான்.

தளபதி மட்டும் எனக்குப் பதில் சொன்னார். "மேரம் இன்னும் அவங்க அப்பா கூடாரத்துலதான் இருக்கா, கெல்லே. கல்யாணம் முடிஞ்சு ரெண்டு வருஷம் அங்க இருந்துட்டுத்தான் வருவா. இன்னும் நாலு மாசம் இருக்கு. நான் ஒரு தப்பு பண்ணினாலும் அனுப்ப மாட்டாரு."

நான் போய் வயர்லெஸ் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

வயர்லெஸ் கரகரத்தது. இரண்டு தரப்பும் ஒரே முகாமில் திருடிய கருவிகள், ஆகவே எதிரியோடு பேசுவதில் எங்களுக்குச் சிரமமே இருந்ததில்லை. அந்தப் பக்கம் தொகோய், பள்ளியில் என் கணக்கைப் பார்த்து எழுதித் தேறியவன்.

"டேய் கெல்லே, ஏண்டா திரும்பிப் போனீங்க? இங்க எல்லாரும் ஆசையா காத்துக்கிட்டிருந்தோம்."

"உங்க பெரியவரைக் கேளு."

"அவரும் பாத்துட்டாருடா. கிணத்துக்குப் பின்னாடி போய் முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்திருக்காரு. அந்தப் பையனை அனுப்பிட்டு வேற யாரையாவது வரச் சொல்லு, நான் நிம்மதியா சண்டை போடணும்ங்கறாரு."

"எங்களுக்குத் தண்ணி இல்லடா."

அவன் பெரியவரிடம் கத்திக் கேட்பது காதில் விழுந்தது. பிறகு: "துப்பாக்கி இல்லாம நாலு பேர் வந்து எடுத்துக்குங்க. தாகத்துல சாகடிக்கிறது கேவலமாம். மாப்பிள்ளை மட்டும் வரக் கூடாது."

அப்படியாகப் பத்து மணிக்குப் போர் நின்றது. எதிரிகளே கயிறு இழுத்துக் கொடுத்தார்கள். தொகோய் ஒரு கை பேரீச்சம்பழம் தந்து, நான் இளைத்துவிட்டதாகச் சொன்னான். கிழவர் கடைசிவரை எங்கள் பக்கம் திரும்பவில்லை. தளபதி மணல்மேட்டுக்குப் பின்னால்தான் தண்ணீர் குடித்தார், அதுவும் முதுகைக் காட்டிக்கொண்டு.

பன்னிரண்டுக்குத் தலைமையகம் அழைத்தது. அது வேறு அலைவரிசை, தொகோய்க்குக் கேட்காது.

"கிணறு பிடிச்சாச்சா?"

"பேசிக்கிட்டிருக்கோம்."

"என்னத்தைப் பேசறீங்க? நாலு மணிக்கு ஆறு வண்டி வருது, ராக்கெட்டோட. தெற்கத்திப் பசங்க. கிணத்துல ஒருத்தன் மிஞ்சக் கூடாது. நீங்க ஓரமா நில்லுங்க."

தெற்கத்திப் பையன்கள் யாருக்கும் ஓர்த்தியில் மாமனார் கிடையாது.

உடனே தொகோயை அழைத்தேன். "கிளம்பிருங்கடா, பெரிய படை வருது."

"பெரியவர் சிரிக்கிறாரு. போன மாசம் இன்னொரு கிணத்துல நாங்க விட்ட கதையாம் இது."

ஒரு மணிக்குச் சொன்னேன். இரண்டுக்கு என் அம்மாமேல் சத்தியம் செய்தேன். தலைநகரில் படித்தவன் சத்தியத்துக்கு மதிப்பில்லை என்று பதில் வந்தது. அல்லாச்சி பேசினான், அவன் பொய்யன் என்பது இரண்டு தரப்புக்கும் தெரியும். மணி மூன்று. கருவியைத் தூக்கிப் பாறையில் அடிக்கலாம் போலிருந்தது.

தளபதி கையை நீட்டினார்.

"என்னண்ணே?"

"குடு."

முண்டாசை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டார், வயர்லெஸ்ஸுக்குக் கண் இருப்பதுபோல. அல்லாச்சி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு திரும்பி நின்றான். மற்றவர்கள் மணலைப் பார்த்தார்கள்.

"மாமா," என்றார். இருமிவிட்டு மறுபடி சொன்னார். "மாமா, நான்தான். ஆறு வண்டி வருது. பையன் சொல்றது நிஜம். நாலு மணிக்குள்ள மலைக்குள்ள போயிருங்க."

கருவியை என் மடியில் போட்டுவிட்டுத் தள்ளிப்போய் உட்கார்ந்தார்.

பத்து நிமிடம் கழித்து வயர்லெஸ்ஸில் தொகோய் வந்தான். பள்ளியில் தலைமையாசிரியரிடம் மாட்டிக்கொள்ளும்போது பேசுகிற குரல்.

"நம்பிட்டாருடா. பொய் சொல்றதுக்காக எவனும் இவ்வளவு மானங்கெட்டுப் போக மாட்டான்னு சொன்னாரு. மூட்டை கட்டறோம்." குரலைத் தாழ்த்தினான். "இன்னொண்ணும் சொல்லச் சொன்னாரு."

"சொல்லு."

"மேரம் வர மாட்டா."

நான் தளபதியைப் பார்த்தேன். "கேட்டுச்சு," என்றார்.

மூன்றரைக்கு அவர்கள் பீரங்கியை வேறு யாரும் சுட முடியாதபடி அதன் பின்மூடியைக் கழற்றி எடுத்துக்கொண்டு மலைப்பக்கம் போனார்கள். நாலு மணிக்கு வரவேண்டிய ஆறு வண்டிகள் ஐந்து இருபதுக்கு வந்தன. ராக்கெட் விட எதிரி இல்லாத கடுப்பில் இறங்கினான் அவர்கள் அதிகாரி. ஆளில்லாத கிணற்றைச் சுற்றி வந்தான், தோட்டா உறை ஒன்றுகூட இல்லை.

"எப்படிய்யா விரட்டினீங்க?"

"பேசி," என்றேன்.

அவன் தலைமையகத்துக்குச் சொன்னான். அவர்கள் குதூகலமாகி, தளபதிக்குப் பதக்கத்துக்கு எழுதுவதாகச் சொன்னார்கள். மனோதத்துவப் போர்முறையாம். அதிகாரி ஒரு நோட்டுப் புத்தகத்தோடு தளபதியிடம் வந்து மரியாதையாகக் குந்தினான்.

"அண்ணே, அடுத்து இன்னும் மூணு கிணறு பிடிக்கணும். என்ன பேசினீங்கன்னு சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

தளபதி முண்டாசைச் சரிசெய்துகொண்டார்.

"உனக்குக் கல்யாணம் ஆயிருச்சா?"

"ஆயிருச்சுண்ணே. போன வருஷம்."

"அப்ப வேணாம், தம்பி," என்றார். "ராக்கெட்டே விடு."