இடைவேளை இல்லாத படம்

ஜெர்மனியில் சினிமாவுக்கு இடைவேளை கிடையாது என்பது பிளோறன்சுக்குத் தெரியாது. ஹம் நகரத்துக்கு வந்து பதினைந்து வருடமாகியும் அவள் பார்த்ததெல்லாம் வாடகை மண்டபத்தில் ஓட்டிய தமிழ்ப் படங்கள்தான். அங்கே இடைவேளை விடாவிட்டால் சனம் மண்டபத்தையே தலைகீழாக்கிவிடும். பாதிப்பேர் வருவதே இறைச்சி வைத்துச் சுருட்டிப் பொரித்த ரோல்சுக்கும் பால் விடாத பிளேன்ரீக்கும்தான்.

அந்த நம்பிக்கையில்தான் முதியோர் இல்லத்து மேலாளர் அம்மாவிடம் வாக்குக் கொடுத்தாள். அவள் அங்கே பராமரிக்கும் மாரெக் கிழவரைப் படத்துக்குக் கூட்டிப்போக வேண்டும். அவருக்கோ நீரிழிவு. மத்தியானம் ஊசி போட்டால் நாலு மணிபோல ஏதாவது வயிற்றுக்குள் போக வேண்டும். போகாவிட்டால் சீனி இறங்கி ஆள் மயங்கிவிடுவார்.

"இடைவேளையில் சாப்பிடக் கொடுப்பேன்" என்றாள் பிளோறன்ஸ்.

"மயங்கினாரோ, அதுதான் கடைசிப் பயணம். இனி வாசலைத் தாண்ட விடமாட்டேன்" என்றார் மேலாளர். என்ன இடைவேளை என்று அந்த அம்மா ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

கிழவர் செக் நாட்டுக்காரர். ஜெர்மன் படை நாட்டைப் பிடித்தபோது தப்பி இங்கிலாந்துக்குப் போய், அங்கே போர் விமானம் ஓட்டியவர். சண்டை முடிந்து ஊர் திரும்பினால், புதிதாக வந்த கம்யூனிஸ்ட் அரசாங்கம் 'நீ இங்கிலாந்துக்காரனின் ஆள்' என்று சிறையில் தள்ளியது. பிறகு ஓடிவந்து சேர்ந்த இடமோ, எந்த நாட்டோடு சண்டை பிடித்தாரோ அதே ஜெர்மனி. விதியின் பகிடியைப் பாருங்கள். தன்னைப் போன்ற விமானிகளைப் பற்றி செக் நாட்டில் எடுத்த படம் ஹம்முக்கு வருகிறது என்று பத்திரிகையில் கண்ட நாளிலிருந்து மனுசன் ஒழுங்காகத் தூங்கவில்லை.

பிளோறன்சுக்கும் அவர்மேல் தீராத நன்றி ஒன்று இருந்தது. ஊரில் நடந்த சண்டையில் தம்பி ஷெல் குண்டு விழுந்து செத்தபோது அவளால் போக முடியவில்லை. வேலைக்குத்தான் போனாள். அன்று அவள் முகத்தைப் பார்த்து, தன் சூப்புக் கோப்பையை அவள் பக்கம் நகர்த்தி, "முதலில் குடி" என்று சொன்னவர் இந்தக் கிழவர் ஒருவர்தான்.

படம் தொடங்கியது. திரையில் சின்னப் பொடியன்கள் சிரித்துக்கொண்டே விமானத்தில் ஏறினார்கள். ஏறியவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வராமல் போனார்கள். நாலு மணியும் ஆகிவிட்டது. பிளோறன்ஸ் பக்கத்தில் இருந்த கணவன் எமிலைச் சுரண்டினாள்.

"இஞ்சருங்கோ, எப்ப இடைவேளை விடுவாங்கள்?"

"விடமாட்டாங்கள் போலதான் கிடக்கு."

அவருக்காக உறைப்புக் குறைத்துச் சுற்றிய ரோல்சைப் பையிலிருந்து எடுத்தாள். வாசனைக்கு முன்வரிசைப் பெண் திரும்பி முறைத்தாள். கிழவர் பிளோறன்சின் கையை விலக்கினார். ஜூசை நீட்டினாள். அதையும் விலக்கினார்.

"அவர்கள் செத்துக்கொண்டிருக்கிறார்கள், பிளோறன்ஸ். நான் எப்படிச் சாப்பிடுவேன்?"

அவருடைய கை வியர்த்து நடுங்கியது. வேறு யாராவது என்றால் 'இது வெறும் படம்தானே' என்று சொல்லியிருப்பார்கள். பிளோறன்ஸ், பிரேதம் எடுக்கும்வரை அடுப்பு மூட்டாத சனத்தில் பிறந்தவள். கிழவர் இப்போது இருப்பது செத்தவீட்டில் என்பது அவளுக்கு உடனே விளங்கியது. அவரை வற்புறுத்த ஏலாது. படத்தைத்தான் நிறுத்த வேண்டும்.

மேலே ஓடி, படம் ஓட்டும் அறையைத் தட்டினாள். கதவைத் திறந்த பெண்ணிடம் தனக்குத் தெரிந்த ஜெர்மனில் கெஞ்சினாள். "கொஞ்சம் நிப்பாட்டுங்கோ. கீழை இருக்கிறவர் இந்தப் படத்திலை வாற ஆக்களிலை ஒராள். சாப்பிடாட்டில் மயங்கிப்போவார்."

அந்தப் பெண் சின்ன ஜன்னல் வழியே கீழே பார்த்தாள். பிறகு படத்தை நிறுத்தி விளக்கைப் போட்டாள். சனம் முணுமுணுத்தது. அவளே இறங்கி வந்து காரணத்தைச் சொன்னதும் சத்தம் அடங்கியது. முறைத்த பெண் எழுந்து வந்து கிழவருக்குத் தன் தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள். அவளை அந்த இடத்திலேயே கட்டிப்பிடிக்கலாம் போலிருந்தது பிளோறன்சுக்கு.

கிழவரின் காலடியில் குந்தினாள். "மாரெக் ஐயா, எங்கடை ஊரிலை செத்தவீட்டுக்காரர் சமைக்கமாட்டினம். அயலட்டைச் சனம்தான் கொண்டுவந்து சாப்பிட வைக்கும். நாங்கள் உங்கடை அயல். சாப்பிடுங்கோ."

கிழவர் வெறும் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ரோல்சை வாங்கி மெல்ல மெல்லத் தின்றார். நடுக்கம் நின்றது. மறுபடி கையை நீட்டினார்.

"உங்களுக்கு ஒண்டுதான். சீனி ஏறிடும்."

"எனக்கில்லை. என்னோடு பறந்த யொசெஃபுக்கு. அவன் விமானத்தோடு விழுந்த அன்று அவனுடைய சாப்பாடு மேசையில் அப்படியே ஆறிக் கிடந்தது."

பிளோறன்ஸ் இன்னொன்றை எடுத்துக் கொடுத்தாள். அதையும் மிச்சம் விடாமல் தின்று முடித்து, "இனி ஓட்டுங்கள்" என்றார் கிழவர். கடைசி எழுத்து ஓடி மறையும்வரை அசையாமல் இருந்து பார்த்தார்.

இல்லத்துக்கு வந்ததும் மேலாளர் அவர் விரலில் ஊசி குத்திப் பார்த்தார். "சீனி இறங்கும் என்று பயந்தேன், ஏறியல்லவா இருக்கிறது! எவ்வளவு கொடுத்தாய்?"

கிழவர் பிளோறன்சின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவளை ஏசாதீர்கள். அறுபது வருடமாக என் சிநேகிதனுக்குச் சாப்பாடு கொடுக்க ஆளில்லை. இன்றைக்கு இவள் கொடுத்தாள்."